டிக்கி வச்ச காரும் சாமியிடம் இருந்த சாவியும்

நான் பயந்தது எதுவும் அன்றைக்கு நடக்கவில்லை. டயர் வெடிக்கவில்லை. பிரேக் பிடிக்காமல் போகவில்லை. செம்பட்டி ரோட்டில் எதிரே வந்த தேங்காய் லாரி எங்கள் பக்கம் ஏறவில்லை. பயப்படவேண்டும் என்று எனக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றுதான் நடந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெங்காயப்பேட்டையில் தராசு பிடிக்கப் போனவன் நான். இப்போது திண்டுக்கல்லில் சொந்தமாக ஒரு வெங்காயக் கடை இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் போன் போடுகிற ஆள். என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இதற்காகவே எனக்கு ஒரு பேர் வைத்திருந்தார். நடுக்கத்தார் என்று.

கார் வாங்கிய கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் கார் என்றால் இரண்டே வகைதான். ஒன்று மொட்டக் கார், பின்பக்கம் நறுக்கென்று முடிந்துவிடும். இன்னொன்று டிக்கி வச்ச கார். நான் மொட்டக் கார்தான் பார்த்து வைத்திருந்தேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மாப்ளே, எந்தங்கச்சிய மொட்டக் கார்ல ஏத்திட்டு ஒரு விசேசத்துக்குப் போவீங்களா? பாக்கிறவன் என்ன நெனைப்பான்? வால் வச்சதா எடுங்க."

ஷோரூம் பையன் அதைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, பெரிய காரோட வசதி அம்புட்டும் இதுல இருக்கு. நீளம் மட்டும் நாலு மீட்டருக்குள்ள அடக்கியிருக்காங்க, அதனால வரி கம்மி. நம்மளமாதிரி முதமுதலா கார் எடுக்கிறவங்களுக்குன்னே செஞ்சதுண்ணே." பெரிய காரை நிறுத்திவைத்து வாலில் பாதியைக் குறைத்ததுபோலத்தான் அது இருந்தது. வகையிலேயே கீழ்ப்படி வண்டியைத்தான் எடுத்தோம். பின்சீட் மடங்காது. டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியாது, ஓட்டுகிறவர் சீட்டுக்குக் கீழே ஒரு கொக்கியை இழுக்கவேண்டும்.

கடைசியில் நான் சரி என்று சொன்னது மச்சானுக்காகவும் இல்லை, அந்தப் பையனுக்காகவும் இல்லை. பின்னாலிருந்து எவனாவது இடித்தால் அவன் வண்டிக்கும் என் பிள்ளைக்கும் நடுவே ஒரு டிக்கி இருக்குமே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பூசை போட்டது எங்கள் குலசாமி கோயிலில், சேவுகம்பட்டிப் பக்கம். பூசாரி இரண்டு சாவியையும் சாமி காலடியில் வைத்து எடுத்து நீட்டினார். நான் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டேன். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் திருடன் இரண்டையும் எடுத்துக்கொள்வான், அதுவே சாமிப் பெட்டியில் ஒன்று இருந்தால் எவன் கை வைப்பான்? "ஒரு மண்டலம் அங்கயே இருக்கட்டும் சாமி" என்றேன். பூசாரி அதை மஞ்சத்துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டார். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "சாமிய வாட்ச்மேன் ஆக்கிட்டீயளே மாப்ளே!"

என் கையில் இருந்த சாவி பாப்பாவுக்கு விளையாட்டுச் சாமான் ஆனது. பாப்பாவுக்கு அப்போது நடை வந்துவிட்டது, பேச்சு அரைகுறை. சாவியில் இருந்த பொத்தானை அமுக்கினால் கார் 'கீக்' என்று கத்தி விளக்கைச் சிமிட்டும். மச்சான் வருகிறபோதெல்லாம் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "கீக்கு எங்க? என் மருமவ கீக்கு போடுவாளே!" என்பார். அவள் அமுக்குவாள். கார் கத்தும். வீடே கைதட்டும். அவளும் தட்டுவாள்.

பாப்பாவுக்கு முதல் மொட்டை எடுக்க அதே கோயிலுக்குக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நான், என் மனைவி, பாப்பா, மச்சான். மாலையும் வாழை இலையும் வத்தலக்குண்டில் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். நிழல் இல்லை. முகூர்த்த நாள் வேறு, கொடைக்கானல் வண்டிகளும் கல்யாண வேன்களும் முட்டிக்கொண்டு நின்றன. கொக்கியை இழுத்து டிக்கியைத் திறந்தேன், சாவியை உருவினேன். பின்சீட்டில் இருந்த பாப்பா "கீக்கு, கீக்கு" என்று கையை நீட்டினாள். "குடுங்க மாப்ளே, செத்த நேரம் சும்மா இருப்பா" என்று மச்சான் என் கையிலிருந்து வாங்கி அவளிடம் கொடுத்தார். நானும் அவரும் இலைக்கட்டைத் தூக்கி டிக்கியில் வைக்கப் போனோம். பூக்காரம்மா காட்டிய மாலை வாடியிருக்கிறது என்று என் மனைவி இறங்கி இரண்டு எட்டு வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பிள்ளை மேல் தூசி விழுமே என்று அவள் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

டக். கீக். விளக்கு சிமிட்டியது.

நாங்கள் சிரித்தோம். உண்மையாகவே மூன்று பேரும் சிரித்தோம். மச்சான் கைதட்டினார். "பாத்தியளா என் மருமவள!" உள்ளே பாப்பாவும் கைதட்டினாள். தட்டியபோது கையிலிருந்த சாவி நழுவி, முன்சீட்டுக்கு அடியில் எங்கேயோ போய் விழுந்தது.

என் மனைவிதான் முதலில் கதவுப் பிடியை இழுத்தாள். பிறகு நான். பிறகு மச்சான், ஒவ்வொரு கதவாக. நான்கும் பூட்டிக்கொண்டிருந்தன. ஏசி போட்டுக்கொண்டு வந்ததால் நான்கு கண்ணாடியும் மேலே ஏறியிருந்தன. இன்ஜின் அணைந்திருந்தது. வெயில் காரின் கூரை மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

கூட்டம் கூட எங்கள் ஊர்ப்பக்கம் நேரம் ஆகாது.

"உள்ள புள்ள இருக்குப்பா!"

"சாவி எங்க?"

"புள்ளைட்டத்தான் குடுத்தாகளாம்."

"நல்லா குடுத்தாக போ. வண்டி எந்த ஊரு?"

"திண்டுக்கல்லாம்."

"பூட்டு ஊர்க்காரவுகளா! அப்பப் பூட்டத்தேன் தெரியும், தெறக்கத் தெரியாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் அவர்களை அதட்டினார். என் காதில் எல்லாம் விழுந்தது, மண்டையில் எதுவும் ஏறவில்லை. கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தேன். சீட்டுக்கு ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் கழற்றவில்லை, அழுக்காகிவிடும் என்று. பாப்பா அதன் மேல் எழுந்து நிற்கப் பார்த்து வழுக்கி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தாள்.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒரு கம்பியை வளைத்துக்கொண்டு ஓடிவந்தார். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையே விட்டுத் துழாவினார். "பழைய வண்டின்னா தூக்கிரலாம்ணே. இதுல உள்ள தகரம் மறைக்குது" என்று நெற்றியைத் துடைத்தார்.

"டிக்கிதான் தொறந்து கெடக்குல்ல? அது வழியாப் போங்கப்பா" என்றது ஒரு குரல்.

மச்சான் இலைக்கட்டை இழுத்துத் தெருவில் போட்டுவிட்டு டிக்கிக்குள் புகுந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே கும் கும் என்று பின்சீட்டைக் குத்துகிற சத்தம் கேட்டது. மொட்டக் காராக இருந்திருந்தால் பின்கதவைத் தூக்கியதும் சீட்டைத் தாண்டிக் கை எட்டியிருக்கும். இதில் தனி அறை போல நடுவே இரும்புச் சட்டம். முதுகுக்குப் பின்னால் திடீரென்று இடி விழுவதுபோல் கேட்டதும் பாப்பா வீறிட்டு, சீட்டை விட்டுக் கீழே இறங்கிக் கால் வைக்கிற இடத்தில் ஒடுங்கிக்கொண்டாள். "நிறுத்துங்கண்ணே, பயப்படுறா!" என்று என் மனைவி அவர் காலைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்த மச்சானின் சட்டையெல்லாம் வேர்வையும் வாழைப்பாலும்.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "மாப்ளே. சாமிட்ட ஒரு சாவி இருக்கே!"

பூசாரிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. பூசைக்குள் போனால் அவர் போனைத் தொடமாட்டார். முன்னால் போன சொந்தக்காரர்களுக்குப் போட்டால், மேளச் சத்தத்தில் "என்னாது? என்னாது?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் அங்கே நின்ற ஒருவரின் பைக்கைக் கெஞ்சி வாங்கினார். காலால் உதைத்துக்கொண்டே சொன்னார்: "கண்ணாடிய ஒடச்சுப்புடாதீக. புது வண்டி. புள்ளைக்கு மொட்டை எடுக்கப்போற நாளு. இந்தா, போனதும் தெரியாம வந்ததும் தெரியாம வாரேன்."

அவர் போன திசையில் ஒரு கல்யாண வேன் குறுக்கே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

உடைப்பதா, பொறுப்பதா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

"சாவிதான் வருதுல்ல, செத்தப் பொறுங்க."

"நல்ல காரியத்துக்குப் போறப்பக் கண்ணாடி ஒடையக்கூடாதுத்தா" என்றாள் பூக்காரம்மா.

"ஒடச்சாச் சில்லு புள்ள கண்ணுல அடிச்சா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கட்டிப்போட்டது. எனக்குள் ஏற்கெனவே அது ஓடிக்கொண்டிருந்தது. உடைத்தால் கண். உடைக்காவிட்டால் மூச்சு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு பயம் எனக்கு முன்னாலேயே போய் நின்றுகொண்டது.

பாப்பா மறுபடி சீட்டில் ஏறியிருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னம் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தது. பிளாஸ்டிக் உறையில் அவள் கை வைத்த இடமெல்லாம் ஈரம். அழுகைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. சத்தமாக அழுதபோது எனக்கு அவ்வளவு பயம் இல்லை. குறைந்தபோதுதான் கண்ணாடியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன்.

என் மனைவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, இன்னும் என்னத்த யோசிக்கிறீங்க? எங்கண்ணன் வர்ற வரைக்கும் தாங்குமா புள்ள?"

"உடைக்கலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "உடைக்கலாம். முன்பக்கம், இடது கை ஓரம். பாப்பா அந்தப் பக்கம் போகாமப் பாத்துக்கணும். பின்னால வலது கை ஓரம் இழுத்து வச்சுக்கணும்."

"எப்பிடி இழுக்க? உள்ள கை போகுமா?"

"கீக்கு சொல்லி."

பஞ்சர் கடைக்காரர் டயர் கழற்றுகிற இரும்பு லிவரைக் கொண்டுவந்தார். ஆனால் அடிக்க மாட்டேன் என்றுவிட்டார். "எனக்கும் புள்ளை இருக்குண்ணே. ஏதும் ஆச்சுன்னா அந்தப் பாவம் என்னைய விடாது." அதற்குமேல் அவரை வற்புறுத்த முடியவில்லை. லிவரை நான் வாங்கினேன். என் மனைவி வலதுபக்கக் கண்ணாடிக்கு ஓடி, "தாயி, இங்க பாரு, கீக்கு" என்றாள். சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டாள். அம்மா அழுவதைப் பார்த்த பாப்பா அவளை விட்டு நகர்ந்து நான் நிற்கிற பக்கமே தவழ்ந்து வந்தாள். உடைக்கப்போகிற பக்கமே வந்தாள்.

இடம் மாற்றிக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை, நான் லிவரை நீட்டினேன், அவள் வாங்கிக்கொண்டாள்.

வலதுபக்கம் போய் நின்றேன். மச்சான் எப்போதும் சொல்வார், "ஒங்க மூஞ்சியப் பாத்தா பாலும் திரிஞ்சிரும் மாப்ளே" என்று. அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இப்போது சிரிக்கவேண்டும். கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது, அதற்குப் பின்னால் பாப்பா முகமும் தெரிந்தது. நான் சிரித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "என் தங்கம் கீக்கு போட்டுச்சே! கீக்கு எங்க? கீக்கு!" என்று கைதட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை.

"எல்லாரும் தட்டுங்க" என்றேன் திரும்பாமல்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பூக்காரம்மாதான் முதலில் தட்டினாள். பிறகு பஞ்சர் கடைக்காரர். பூட்டு ஊர் என்று கிண்டல் செய்தவனும் தட்டினான். "கீக்கு! கீக்கு!" என்று பஸ் ஸ்டாண்ட் ஓரமே கத்தியது. தூரத்தில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ பிறந்தநாள் என்று நினைத்திருப்பார்கள். பாப்பா வழுக்கி வழுக்கி என் பக்கம் வந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். நான் வெளியிலிருந்து என் கையை அதன் மேல் வைத்தேன். கண்ணாடி சுட்டது.

"இப்ப" என்றேன். சிரிப்பை மாற்றவில்லை.

முதல் அடியில் லிவர் தெறித்துப் பின்வாங்கியது. கண்ணாடி அப்படியே நின்றது. சத்தத்துக்குப் பாப்பா அந்தப் பக்கம் திரும்பப் போனாள். நான் கண்ணாடியில் மூக்கை அமுக்கிப் பன்றிபோல் உறுமினேன். அவள் என்னையே பார்த்தாள். "ஓரத்துல அடிம்மா, மூலையில!" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாவது அடியில் மழை கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.

என் மனைவி கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தாள், முன்சீட்டின் மேல் முழங்காலிட்டுப் பின்னால் எட்டிப் பாப்பாவை அள்ளினாள். உள்ளிருந்து வந்த காற்று அடுப்படிக் காற்று மாதிரி இருந்தது. வெளியே வந்த பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் என் ஆயுளில் பெரிய நேரம். பூக்காரம்மா பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் விட்டாள். ஈரத்துணியை என் மனைவி கழுத்திலும் காலிலும் சுற்றினாள். வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் பாப்பா விழுங்கினாள். பிறகு உதடு பிதுங்கியது. பிறகு, அப்பாடா, தெருவே கேட்க அழுதாள்.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா தொட்டுப் பார்த்து, தண்ணீர் குடிக்கவைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பயமில்லை, நிழலில் வையுங்கள், அடிக்கடி தண்ணீர் கொடுங்கள் என்றார். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னார்.

காரிடம் திரும்பி வந்தபோது மச்சான் அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சத்துணி முடிச்சு. விபூதி வாசனை அடித்தது. உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"செத்தப் பொறுத்திருக்கலாம்ல மாப்ளே. கொண்டுட்டுத்தேன வந்தேன்."

என் மனைவி சொன்னாள். "நாந்தேண்ணே ஒடச்சேன். இவுக சிரிச்சாக."

மச்சானுக்கு அது விளங்கவில்லை. "சிரிச்சாரா? இவரா?" என்று பஞ்சர் கடைக்காரரைப் பார்த்தார். அவர் கீழே கிடந்த லிவரை எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார்.

சில்லுகளைத் தட்டிவிட்டு, வாழை இலையில் இரண்டை முன்சீட்டில் விரித்துப்போட்டுக் கோயிலுக்கு ஓட்டினேன். காற்று இடதுபக்கமாக உள்ளே வந்தது. பாப்பா தூங்கிவிட்டாள். தூங்குகிறாளா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன், தூங்குகிறாள் என்று பின்னாலிருந்து என் மனைவி சொல்லிக்கொண்டே வந்தாள். மச்சான் அன்று ஒரு தடவைகூட நடுக்கத்தார் என்று சொல்லவில்லை.

கோயிலில் எல்லாரும் காத்திருந்தார்கள். என் மனைவி வேப்பமர நிழலில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். நாவிதர் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தடவினார். தடவிய கையை நிறுத்திவிட்டு, விரலை வெயிலில் காட்டினார். கல்கண்டுபோல் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு. என் மனைவி காருக்குள் எட்டி அள்ளியபோது அவள் சேலையிலிருந்து விழுந்திருக்கவேண்டும்.

"கத்தி பட்டா இழுத்துரும். சுத்தமாப் பாத்துட்டுக் குடுங்க" என்றார்.

"உதறிவிட்டாப் போயிரும்" என்றது சொந்தத்தில் ஒரு குரல். "நல்ல நேரம் முடியப்போகுது."

நான் பாப்பாவை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன். ஈரமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒன்று. உச்சியில் ஒன்று. பார்த்த இடத்தையே திரும்பவும் பார்த்தேன். பூசாரி மணியடித்து அவசரப்படுத்தினார். நான் கழுத்துப் பக்கம் இன்னொரு தடவை பார்க்க ஆரம்பித்தேன்.

"அவரு பாக்கட்டும், யாரும் பேசாதீக" என்றார் மச்சான்.

நாவிதர் கத்தியை மடக்கி முழங்கால் மேல் வைத்துவிட்டு, வெற்றிலை போட ஆரம்பித்தார்.